கேள்வி பதில்: கேம்பர் வேனுக்கு வினைல் ரேப்

செங்கோட்டையில் வண்டிகளுக்கு வினைல் ரேப், அதாவது பெயின்டுக்குப் பதிலாக பாடிமேல் ஒட்டும் வண்ண பிளாஸ்டிக் ஃபிலிம், ஒட்டும் பட்டறை நடத்துகிறேன். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூரிலிருந்தும் கேம்பர் வேன்கள் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வேன்கள்) வருகின்றன. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தென்காசி: அண்ணாச்சி, பழைய டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே படுக்கை, அடுப்பெல்லாம் போட்டுவிட்டேன். வெளியே பெயின்ட் வெளுத்துக் கிடக்கிறது. மறுபடி பெயின்ட் அடிக்கவா, ரேப் ஒட்டவா?

தம்பி, உள்ளங்கையால் பாடியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டினால் ரேப் நிற்காது. பசை பிடிப்பது அந்தப் பொடியைத்தான், தகட்டை இல்லை. ரப்பிங் செய்து, கெட்டியான பெயின்ட் கிடைத்த பிறகுதான் ஒட்டலாம்.

அதைவிட முக்கியம் ஒழுகல். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சாரல் காலத்தில், ஒரு வேனுக்கு ஒட்டிக் கொடுத்தேன். கூரை இணைப்பில் மயிரிழை அளவு விரிசல் இருந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்கியது. ஃபிலிம் மூடியிருந்ததால் வெளியேற வழியில்லை. இரண்டே மாதத்தில் ஜன்னலுக்குக் கீழே துரு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. என் செலவில் உரித்து, டிங்கரிங் முடித்து, திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, கூரையிலும் ஜன்னல் ஓரத்திலும் ஹோஸ் பைப்பால் அரைமணி நேரம் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் எந்த வேனையும் தொடுவதில்லை. நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

புனலூர்: ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் இதே வினைலை மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறார்களே?

அது இதே வினைல் இல்லை. ஃபிலிமில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று காஸ்ட்: பி.வி.சி.யைத் திரவமாக ஊற்றி, அடுப்பில் உலர்த்தி எடுப்பது. சுமார் 50 மைக்ரான் தடிமன் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). இழுவிசை இல்லாமல் பிறப்பதால், வளைவில் படிந்தால் படிந்தபடி கிடக்கும். இன்னொன்று கேலண்டர்டு: சூடான உருளைகளுக்கு நடுவே சப்பாத்தி மாவுபோல நசுக்கி இழுப்பது. இது 70 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். தடிமன் அதிகம் என்பதால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். இழுத்துச் செய்த பொருள், வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். ஓரங்கள் பின்வாங்கும், பள்ளங்களில் கூடாரம்போலத் தூக்கும். புனலூர் வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தட்டையான கதவில் ஆறு மாத விளம்பரம் ஒட்டக் கேலண்டர்டு போதும். ரிவெட்டும் மடிப்பும் நிறைந்த வேனுக்குக் காஸ்ட்தான். பள்ளங்களில் ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும் அந்த நினைவை ஃபிலிமிலிருந்து அழிக்க வேண்டும். பலரும் தவறவிடும் வேலை இது.

குமுளி: ராணுவ வண்டி மாதிரி மேட் (பளபளப்பில்லாத) ஆலிவ் பச்சை ஒட்டித் தருவீர்களா?

மாட்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 121-ஆவது விதி, ராணுவத்துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை கூடாது என்கிறது.

கடையநல்லூர்: விதியில் 'பெயின்ட்' என்றுதானே இருக்கிறது? ரேப் பெயின்ட் இல்லையே! உரித்தால் பழைய நிறம் வந்துவிடுமே!

இதே வாதத்தை இன்னும் நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர், தமிழ்நாட்டுப் பதிவென்றால் கேரளத்தில் கேட்கமாட்டார்கள் என்கிறார். இன்னொருவர், அவர் மாமா மூன்று வருடமாக ஓட்டுகிறார் என்கிறார்.

சரி, பொறுமையாகச் சொல்கிறேன். புளியரை செக்போஸ்ட்டில் நிற்பவர் பசையையும் பெயின்டையும் பிரித்துப் பார்க்க மாட்டார். ஆர்.சி.யில் என்ன நிறம், எதிரே நிற்பது என்ன நிறம் என்றுதான் பார்ப்பார். ஆர்.சி.யில் வெள்ளை என்று இருந்து வண்டி பச்சையாக நின்றால் கேள்வி வரும். வண்டியின் முழு நிறத்தையும் மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் பதிந்த பிறகு என்னிடம் வாருங்கள். கேரளத்தில் நிறம் சின்ன விஷயமில்லை. 2022 அக்டோபர் வடக்கஞ்சேரி பஸ் விபத்துக்குப் பிறகு அங்கே டூரிஸ்ட் பஸ்களுக்கு வெள்ளை நிறத்தைக் கறாராக அமல்படுத்தினார்கள். உங்கள் வேன் சொந்த உபயோகம் என்றாலும், அங்கே வண்டியைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறது.

மாமா மூன்று வருடம் மாட்டவில்லை என்பது சட்டம் ஆகாது. குடும்பத்தோடு போகும்போது ராத்திரி பத்து மணிக்கு மறித்தால், குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? காட்டுப் பச்சை, மண் நிறம், சாம்பல் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆலிவைப் பற்றி இனி பதில் சொல்ல மாட்டேன்.

சுரண்டை: ஜன்னலுக்கும் கருப்பு ஃபிலிம்?

கண்ணாடி வேலை நான் செய்வதில்லை. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பின்பக்க ரிஃப்ளெக்டர் பட்டைமேலும் எதையும் ஒட்டாதீர்கள்.

மூன்று பேர்: மொத்தம் எவ்வளவு ஆகும்?

வண்டியைப் பார்க்காமல் தொகை சொல்ல முடியாது. ஃபிலிம் கணக்கு நீங்களே போடலாம். ரோலின் அகலம் பொதுவாக 1.52 மீட்டர். ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரமுள்ள பக்கத்துக்கு இரண்டு துண்டு, துண்டுக்கு ஆறரை மீட்டர். இரு பக்கமும் சேர்த்து 26 மீட்டர். முன், பின், வீணாவது எல்லாம் தனி. கூரைக்கு ஒட்டாதீர்கள். நேர் வெயில் வாங்கும் கிடைமட்டப் பரப்பில் ஃபிலிம் சீக்கிரம் வெளுத்து வெடிக்கும்.

அச்சன்கோவில்: சாரல் நேரத்தில் வீட்டு முற்றத்தில் நானே ஒட்டலாமா?

முற்றத்தில் வேண்டாம், மூன்று பக்கம் மூடிய ஷெட் வேண்டும். ஈரத்தின்மேல் பசை பிடிக்காது, காற்றில் வரும் தூசு ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத் தெரியும். கழுவிய பிறகு ஒரு முழு நாள் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பழைய சிலிக்கான் சீலன்ட் தடவிய இடத்தில் எதுவும் ஒட்டாது, அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். முதலில் பின்கதவை மட்டும் ஒட்டிப் பழகுங்கள். அப்புறம், ஒட்டிய ஃபிலிமை வண்டிமேல் வைத்துப் பிளேடால் அறுக்காதீர்கள். கீறல் பெயின்டுக்குள் இறங்கினால் அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

ஆரியங்காவு: லேசான துருவின்மேல் ஒட்டினால் மறைந்துவிடுமா?

மறையாது. தென்காசித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சங்கரன்கோவில்: பள்ளத்தை நிரப்பப் பட்டி (புட்டி) பூசிய இடம் ரேப்புக்கு மேலே தெரியுமா?

தெரியும். 50 மைக்ரான் ஃபிலிம் எதையும் மறைக்காது. பளபளப்பு ஃபிலிமில் இன்னும் அதிகமாகத் தெரியும்.

கொல்லம்: புதிதாக பெயின்ட் அடித்து நாலு நாள் ஆகிறது, ஒட்டலாமா?

வேண்டாம். பெயின்டிலிருந்து ஆவி வெளியேறி முடியவேண்டும், இல்லையென்றால் குமிழ் வரும். எத்தனை வாரம் என்பதை அந்த பெயின்ட் டப்பாவில் பாருங்கள், பெயின்டரிடமும் கேளுங்கள்.

குற்றாலம்: ஒட்டிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது? எப்போது உரிப்பது?

பலா மரத்தடியில் நிறுத்தாதீர்கள். பலாப் பாலும் காக்கை எச்சமும் ஒரு நாள் வெயிலில் காய்ந்தால் கறையாகிவிடும், அன்றன்றே ஈரத்துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். பிரஷர் வாஷ் செய்தால் நாசிலை ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடியுங்கள், ஓரத்தில் சாய்த்து அடிக்காதீர்கள். மேட் ஃபிலிமுக்கு மெழுகு பாலிஷ் கூடாது.

ஓரங்களில் வெடிப்பு தெரிய ஆரம்பித்ததும் உரித்துவிடுங்கள். இளஞ்சூடு காட்டி மெதுவாக இழுத்தால் முழுத் துண்டாக வரும். இன்னும் ஒரு கோடை போகட்டும் என்று விட்டால் நகம் அளவு சில்லாகத்தான் வரும். போன மாதம் ஒரு வேனுக்கு அப்படி உரிக்க எங்கள் இரண்டு பையன்களுக்கு நான்கு நாள் ஆனது.