பிலிருபின் 2.1 என்றால் மஞ்சள் காமாலையா? உங்கள் கேள்விகளுக்கு பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 26 வயது. மாஸ்டர் செக்கப்பில் பிலிருபின் 2.1, அதில் டைரக்ட் 0.3. மற்றதெல்லாம் நார்மல். மஞ்சள் காமாலையா?

பதில்: பயப்படாதீர்கள் தம்பி. பிலிருபின் என்பது ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் நிறமி. வயதான சிவப்பணுக்கள் உடையும்போது வருவது இன்டைரக்ட் பிலிருபின். கல்லீரல் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றினால் அதுதான் டைரக்ட். பித்தத்தோடு குடலுக்குப் போய்விடும். மாற்றுகிற நொதி சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். கில்பர்ட் சின்ட்ரோம் என்று பெயர், 1901-இல் பிரான்சில் விவரிக்கப்பட்டது. பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அளவு ஏறும், அப்புறம் தானாக இறங்கும். சிவப்பணுக்கள் அதிகமாக உடைகிறதா என்று அறிய, ஹீமோகுளோபினும் ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கையும் சரியா என்று உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். சரியென்றால் பெரும்பாலும் இதுதான். மருந்து வேண்டாம்.

கேள்வி: எனக்கு 1.6. இன்டைரக்ட்தான் அதிகம். என்ன மாத்திரை?

பதில்: மேலே எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மொத்தம் 6.4, டைரக்ட் 5.1. உடம்பெல்லாம் அரிப்பு.

பதில்: மலம் வெளுத்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா? பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். இன்றே அழைத்துப்போய் வயிற்று ஸ்கேன் எடுங்கள். குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: அவருக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சரியானது.

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் வீட்டில் வந்தது ஹெபடைடிஸ் ஏ என்ற கிருமியால் வரும் காமாலையாக இருக்கலாம், அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். அடைத்த குழாயை எந்தக் கீரையும் திறக்காது. காத்திருக்கும் நாட்கள்தான் ஆபத்து.

கேள்வி: அப்போ நம் மருந்தெல்லாம் பொய்யா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து, லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நல்ல முடிவு வந்தது. பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. சோதித்துப் பார்த்த மூலிகைதான், ஒதுக்கிய மூலிகை அல்ல. என் சண்டை மூலிகையோடு இல்லை, ஸ்கேன் எடுக்காமல் தள்ளிப்போடுவதோடு.

கேள்வி: எனக்கு 1.9, என்ன செய்ய?

பதில்: டைரக்ட் எவ்வளவு? அந்த வரி இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி: குழந்தை பிறந்து 3 நாள், 17 இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதுமா?

பதில்: போதாதம்மா. நீல ஒளி விளக்கின் கீழ் வைக்க வேண்டியிருக்கலாம். பிறந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்தில் பிறந்தது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அளவு மிக அதிகமானால் மூளையைத் தாக்கும். இதைப் படித்ததும் கிளம்புங்கள், வழியிலும் பால் கொடுங்கள்.