பழைய காமிக்ஸ் கேள்வி பதில்: முதுகைப் பாருங்கள், அப்புறம் விலை பேசலாம்

பழைய அமெரிக்க காமிக்ஸ் சேர்ப்பது, கிரேடு போடுவது, ஏலத்தில் விற்பது பற்றி வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துவைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் கிரேடிங் கம்பெனியில் வேலை பார்த்தவன் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக வாங்கி விற்றவன், நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மாமா விட்டுப்போன பெட்டியில் அறுபதுகள், எழுபதுகளில் வந்த காமிக்ஸ் நாற்பது கிடக்கின்றன. ஒரே தூசி, ஒன்றிரண்டில் செல்லோடேப். முதலில் என்ன செய்வது சார்?

ஒன்றும் செய்யாதீர்கள். துடைக்க வேண்டாம், ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டாம், டேப்பைப் பிய்க்கவே வேண்டாம். டேப்போடு அட்டையின் மையும் சேர்ந்து வந்துவிடும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியல் எழுதுங்கள். இதழின் பெயர், எண், மாதம், வருஷம் எல்லாம் முதல் பக்கத்தின் அடியிலோ அட்டையின் உள்பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும். அட்டையில் உள்ள விலையும் துப்புக் கொடுக்கும். வழக்கமான அளவு இதழில் 10 சென்ட் என்றிருந்தால் பெரும்பாலும் 1961க்குள் வந்தது. 12 சென்ட் 1962லிருந்து 1969 வரை ஓடியது, அப்புறம் 15 ஆனது.

அச்சிட்டிருக்கும் மாதமும் கடைக்கு வந்த மாதமும் ஒன்றில்லை. சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் ஜூன் 1938 என்று இருக்கும். ஏப்ரலிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

பட்டியல் எழுதும்போதே பக்கங்களையும் எண்ணிவிடுங்கள். நடுத்தாள் கழன்று போயிருப்பது சாதாரணமாக நடப்பது, அட்டையைப் பார்த்தால் தெரியாது.

கேள்வி: கிரேடு எப்படிப் போடுகிறார்கள்? எனக்கு எல்லாமே 'நல்ல கண்டிஷன்' போலத்தான் தெரிகிறது.

எல்லோருக்கும் அப்படித்தான், அதுவும் சொந்தப் புத்தகம் என்றால் கேட்கவே வேண்டாம். அளவுகோல் 0.5இல் தொடங்கி 10இல் முடிகிறது. 9.4 என்றால் நியர் மிண்ட், 8.0 வெரி ஃபைன், 6.0 ஃபைன், 4.0 வெரி குட், 2.0 குட், 0.5 புவர். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'குட்' என்று சொல்லப்படுவது அடிவாங்கி, மடங்கி, மூலை தேய்ந்த புத்தகம். வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாதவரிடம் அதையே 'நல்ல பிரதி' என்று விற்றுவிடுவார்கள்.

ஒரே ஒரு பழக்கம் சொல்லித் தருகிறேன். மேஜை விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வையுங்கள். புத்தகத்தை அதன் முன்னால் சாய்த்துப் பிடித்து, முதுகிலிருந்து (பின் அடித்த மடிப்பு ஓரம்) பாருங்கள், ஓவியத்தைப் பார்க்காதீர்கள். முதுகை ஒட்டிக் குறுக்காகச் சின்னச் சின்னக் கோடுகள் தெரியும், புத்தகத்தைத் திறந்து மூடும்போது விழுந்தவை. அந்தக் கோட்டில் வண்ணம் உடைந்து வெள்ளைக் காகிதம் தெரிகிறதா, இல்லை வெறும் பள்ளம்தானா? பள்ளம் என்றால் பெரிய பாதகம் இல்லை. வெள்ளை தெரிந்தால் அந்தச் சேதம் போகாது. கறுப்பு அட்டை இந்த விஷயத்தில் இரக்கமே காட்டாது, ஒவ்வொரு கோடும் சுண்ணாம்பு கிழித்தது மாதிரி நிற்கும்.

அடுத்தது ஸ்டேப்பிள் பின். துரு இருக்கிறதா, துரு காகிதத்துக்கும் இறங்கிவிட்டதா, பின்னைச் சுற்றி அட்டை கிழிந்து தனியே ஆடுகிறதா என்று பாருங்கள். பிறகு மூலைகள், கடைசியில் உள்பக்கத்தின் நிறம். வெள்ளை, வெள்ளையை ஒட்டியது, கிரீம், பழுப்பு, தொட்டால் நொறுங்குவது என்று அது தனியாக இறங்கும். காகிதம் மட்டமான மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னினும் அமிலமும் வெளிச்சம், சூடு, காற்று பட்டால் பழுப்பாகிவிடும்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ளக் கொடுத்த கட்டணம் தனிக்கதை. இன்கிரெடிபிள் ஹல்க் 181ஆம் இதழ், நவம்பர் 1974, வுல்வரின் முழுதாக வரும் முதல் இதழ். ஒருவரிடம் வாங்கினேன். அட்டை பளபளவென்று இருந்தது, முதுகில் இரண்டே கோடு. வீட்டுக்கு வந்து ஆற அமரப் புரட்டினால் வாசகர் கடிதப் பக்கத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அந்தக் காலத்தில் மார்வெல் நிறுவனம் வெட்டி ஒட்டிச் சேர்க்கச் சொல்லி ஸ்டாம்ப் அச்சடித்தது. யாரோ ஒரு பையன் சொன்னபடி கத்தரிக்கோலை எடுத்திருக்கிறான். விலையில் பெரும்பங்கு அந்த ஓட்டை வழியாகப் போய்விட்டது. விற்றவர், "நான் உள்ளே பார்க்கவே இல்லையே" என்றார். அவர் பார்த்தாரோ இல்லையோ, நான் பார்க்கவில்லை.

கேள்வி: சி.ஜி.சி.க்கு அனுப்பலாமா?

2000இல் தொடங்கிய கம்பெனி அது. புத்தகத்தை நீங்களும் இல்லாமல், வாங்குபவரும் இல்லாமல் மூன்றாவது ஆள் பார்த்து, எண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவதுதான் அவர்கள் வேலை. அந்தக் கூட்டைத்தான் ஸ்லாப் என்கிறோம். கிரேடிங் கட்டணம், போகவர அனுப்பும் செலவு, காப்பீடு இவற்றைக் கூட்டிப் பாருங்கள். கிரேடு போட்டபின் கிடைக்கக்கூடிய விலை அதைவிடக் கணிசமாக அதிகம் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். என் கணக்கில் பெட்டியில் இருக்கும் நாற்பதில் இரண்டு மூன்று தேறினாலே அதிர்ஷ்டம்.

லேபிளின் நிறத்தை முதலில் படியுங்கள், எண்ணை அப்புறம். நீலம் வழக்கமானது. ஊதா என்றால் ரெஸ்டோரேஷன், அதாவது வண்ணம் தடவுவது மாதிரியான பழுதுபார்ப்பு, நடந்திருக்கிறது. பச்சை என்றால் ஏதோ ஒரு பெரிய குறையை ஒதுக்கிவைத்துவிட்டு மீதிக்குப் போட்ட எண், என் ஹல்க் மாதிரி. மஞ்சள் என்றால் அவர்கள் ஆள் நேரில் நின்று பார்க்கப் போட்ட கையெழுத்து. ஊதா 9.0ஐ நீல 9.0இன் விலைக்கு வாங்கிவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: பிரஸ்ஸிங் என்கிறார்களே, வீட்டில் இஸ்திரிப் பெட்டியில் செய்யலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. மை பளபளத்துப்போகும், பின்னைச் சுற்றிக் காகிதம் வெட்டுப்படும், நீங்களும் நானும் அழுவோம்.

முறையான பிரஸ்ஸிங்கில் அளவான ஈரம், அளவான சூடு, தட்டையான அழுத்தம் கொடுத்து, ஆறும் வரை எடைக்கடியில் வைப்பார்கள். வண்ணம் உடையாத பள்ளங்களும் வளைவுகளும் அதில் போகும். வெள்ளை தெரியும் கோடு போகாது. சி.ஜி.சி. இதை ரெஸ்டோரேஷனாகக் கணக்கிடுவதில்லை. அது சரியா என்று சேகரிப்பாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. சொல்லிவிட்டு விற்றால் தப்பில்லை என்பது என் கட்சி.

வெள்ளைக் கோட்டின் மேல் மார்க்கர் தடவுவது வேறு கதை. அட்டையைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், மை ஊறியிருக்கும். புற ஊதா விளக்கில் பக்கத்து வண்ணத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும். ஓரத்தைச் சீவியிருந்தால், எண்பது வருஷப் புத்தகத்தின் விளிம்பு மட்டும் நேற்று வெட்டியது போல வெளேரென்று இருக்கும். அதே மாத இதழ் ஒன்றை மேலே வைத்து அளந்து பாருங்கள்.

கேள்வி: என்னிடம் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் இருக்கிறது! அட்டையில் கார் தூக்கும் படம், 10 சென்ட் விலை, எல்லாம் சரியாக இருக்கிறது.

உயரம் எவ்வளவு? பதின்மூன்று அங்குலத்தைத் தாண்டினால் அது 1974இல் சூப்பர்மேன் பதிப்பகமான டி.சி. வெளியிட்ட பெரிய அளவு மறுபதிப்பு. வெளியட்டையில் 'ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று இருந்திருக்கும். அது கழன்றுபோனால் உள்ளே இருப்பது அசல் மாதிரியே தெரியும். அசல் ஏறக்குறைய பத்தரை அங்குலம்தான். ஸ்கேலை எடுங்கள், பிறகு ஆச்சரியக்குறி போடலாம்.

கேள்வி: 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் பத்துப் பிரதி, கறுப்புப் பையில் சூப்பர்மேன் 75ஆம் இதழ் ஐந்து பிரதி. விற்றால் என்ன வரும்?

பழைய பேப்பர்காரரைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். அந்த எக்ஸ்-மென் எண்பது லட்சத்துக்கு மேல் அச்சானது. சூப்பர்மேன் சாகும் இதழையும் ஆளாளுக்குப் பிரிக்காமல் எடுத்துவைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியது எப்படி அரிதாகும்? நாற்பதுகளின் இதழ்கள் அரிதானதற்குக் காரணம் யாரும் பத்திரப்படுத்தவில்லை என்பதுதான். போர்க்காலக் காகிதச் சேகரிப்பில் கட்டுக்கட்டாகப் போயின. ஐம்பதுகளில் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கிளம்பிய பிரசாரத்தில் எரித்தே இருக்கிறார்கள்.

கேள்வி: 'மைல் ஹை பிரதி' என்று ஏலப் பட்டியலில் வருகிறதே, அது என்ன?

எட்கர் சர்ச் என்ற வணிக ஓவியர் கொலராடோவில் இருந்தார். 1930களின் பிற்பகுதியிலிருந்து காமிக்ஸ் வாங்கி வீட்டுக்குள் அடுக்கியே வைத்தார். 1977இல் 'மைல் ஹை காமிக்ஸ்' கடைக்காரர் சக் ரொசான்ஸ்கி அதை வாங்கினார், பெயர் அப்படி வந்தது, பதினெட்டாயிரத்துக்குக் குறையாத இதழ்கள். அங்கே ஈரப்பதம் குறைவு, குளிர்ச்சி வேறு. நெருக்கி அடுக்கியிருந்ததால் ஒளியும் காற்றும் உள்ளே போகவில்லை. நாற்பது வருஷம் கழித்தும் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. ஒரே கிரேடு என்றாலும் இந்தப் பிரதிக்கு அதிகம் கொடுக்கிறார்கள், நியாயம்தான்.

உங்கள் வீட்டுக்கும் பாடம் இதுவே. புத்தகத்தை பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் உறையிலோ மைலார் என்ற பாலியெஸ்டர் உறையிலோ போட்டு, பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து, பெட்டியில் சாயாமல் நிறுத்துங்கள். மாடி அறையும் நிலவறையும் வேண்டாம். விலையுயர்ந்தவற்றுக்கு மைலார்தான். பாலிப்ரோப்பிலீன் உறையைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கேள்வி: ஏலத்தில் ஆயிரம் டாலருக்குக் கேட்டேன், ஆயிரத்து இருநூறு கட்டச் சொல்கிறார்கள். ஏமாற்றா?

இல்லை, நீங்கள் விதிமுறையைப் படிக்கவில்லை. ஏலத்தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டும் பிரீமியம் ஒன்று உண்டு. உங்களுக்கு 20 சதவீதம் விழுந்திருக்கிறது. ஆயிரம்தான் உங்கள் எல்லை என்றால் 833இல் கையை இறக்கியிருக்க வேண்டும். செய்தியில் வரும் தொகையும் பிரீமியத்தோடு சேர்ந்ததே. 2024 ஏப்ரலில் ஹெரிடேஜ் ஏலத்தில் 8.5 கிரேடு ஆக்‌ஷன் முதல் இதழ் 60 லட்சம் டாலருக்குப் போனது என்றால் அது வாங்கியவர் கட்டியது, விற்றவர் கைக்கு வந்ததில்லை. விற்பவரிடமும் கமிஷன் பிடிப்பார்கள். ஆனால் நல்ல சரக்கு என்றால் அதைப் பேசிக் குறைக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்ற விலை, வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு பெரிய புத்தகம் என்றால் வையுங்கள். மற்றபடி குறைவாகத் தொடங்கினால்தான் நாலு பேர் உள்ளே வருவார்கள். இரண்டு பேர் முட்டிக்கொண்டால்தான் விலை.

கேள்வி: ஸ்லாபை உடைத்துப் புத்தகத்தைப் படித்தால் பாவமா?

பாவமில்லை, அந்த எண் மட்டும் செல்லாமல் போகும். லேபிளை சி.ஜி.சி.க்குத் திருப்பி அனுப்பினால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். மூலையில் கவனமாக நெம்புங்கள், உள்ளுறையை நிதானமாக வெட்டுங்கள், கத்தியின் முனை புத்தகத்தின் பக்கம் திரும்பவே கூடாது.

போன மாதம் நான் ஒன்றை உடைத்தேன், 4.0 கிரேடு, அறுபதுகளின் இதழ். நடுவில் ஒரு விளம்பரக் கூப்பன் இருந்தது. யாரோ பென்சிலில் பெயர், முகவரி எல்லாம் சுத்தமாக எழுதி, வெட்டும் கோட்டின் மேல் ஒருமுறை கோடும் இழுத்திருந்தார். வெட்டவில்லை.