தள்ளுவண்டியும் மலிவு விமானமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டிசம்பர் லீவு கிட்ட வருது போல, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஸ்ட்ரோலர், அதுதான் பிள்ளையை இருத்தித் தள்ளும் மடிப்பு வண்டி, பற்றித்தான்.

ஸ்ட்ரோலருக்குத் தனியாகக் காசு கட்ட வேணுமா? (களுவாஞ்சிகுடி)

எந்த விமானம், எந்த ஊருக்கு, பிள்ளைக்கு எத்தனை மாதம், ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் நான் எதைச் சொல்ல? பொதுவாக, டிக்கெட்டில் பிள்ளையின் பெயர் இருந்தால் ஒரு ஸ்ட்ரோலர் இலவசம். இன்டிகோ, எயார் ஏசியா இரண்டிலும் அப்படித்தான். டிக்கெட் போடும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடைக்காரர் "கேபின் சைஸ்" என்று சொல்லித் தந்தார். உள்ளே கொண்டுபோகலாமா? (காத்தான்குடி)

விமானத்தில் ஏற்றுவதைக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை தங்கச்சி. மலிவு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ, சிலதில் 10. சின்ன ஸ்ட்ரோலரே 6 கிலோ வரும், அப்புறம் பேம்பர்ஸ், பால்மா, உடுப்பு எல்லாம் எதில் போகும்? விமான வாசலில் டேக் (லகேஜ் அடையாளச் சீட்டு) போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ரோலரில் மாட்டிய, பவர் பேங்கில் ஓடும் ஃபேனைக் கழற்றாமல் கொடுக்கலாமா? (கல்முனை)

கூடாது. பவர் பேங்க் உங்கள் கையோடுதான் விமானத்துக்குள் வரவேணும், கீழே லகேஜில் போகவே கூடாது. ஸ்ட்ரோலரின் கூடையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், அதுக்குள்ளே மறந்துபோன சார்ஜர், சாவி, பாஸ்போட் என்று என்னவெல்லாமோ கிடக்கும்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் முன்சக்கரம் உடைந்திருக்கு. இப்ப என்ன செய்ய? (செங்கலடி)

இந்தக் கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வருது, எனக்கு மனசு கொதிக்கும். கட்டுநாயக்கவில் இறங்கி, சொந்தக்காரர் வெளியே வான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற அவசரத்தில் பொலித்தீன் சுற்றியபடியே தூக்கி ஏற்றி, 300 கிலோமீற்றர், ஏழெட்டு மணிநேரம் ஓடி வந்து, மறுநாள் பின்னேரம் முற்றத்தில் வைத்துப் பிரிக்கிறீர்கள். அதுக்குப் பிறகு யார் திரும்பிப் போவது? லகேஜ் பெல்ட்டில் இருந்து எடுத்த இடத்திலேயே விரித்து நாலு அடி தள்ளிப் பாருங்கள். சக்கரம், மடிக்கும் பூட்டு, பிள்ளையைக் கட்டும் பெல்ட். பழுது இருந்தால் சுங்கத்தைத் தாண்டி வெளியே வரும் முன்பே லகேஜ் கவுண்டரில் முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி, பிரதி ஒன்று வாங்கி, போட்டோவும் எடுங்கள். வெளியே வந்துவிட்டால், வரும்போது நல்லாத்தான் இருந்தது என்று அவர்கள் சொல்வார்கள், இல்லை என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இராது.

சரி, உங்களுக்கு இன்னும் வழி முழுதாக அடைபடவில்லை. லகேஜ் கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிடலாம் என்று விமானப் பயணத்துக்கான சர்வதேச மொன்றியல் உடன்படிக்கை சொல்லுது. இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள்: டேக் இலக்கம், போர்டிங் பாஸ், போட்டோ, வாங்கிய பில். டேக்கை எறிந்துவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். டேக்கின் துண்டு கையில் வராமல் ஸ்ட்ரோலரைக் கொடுக்காதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். எத்தனை தரம்தான் எழுதுவது!

கோலாலம்பூரில் மாறி மெல்பேர்ன் போகிறோம். இடையில் ஸ்ட்ரோலர் கிடைக்குமா? (அக்கரைப்பற்று)

மெல்பேர்ன் வரைக்கும் டேக் போட்டால் இடையில் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் கட்டும் கேரியர் ஒன்று கொண்டுபோங்கள், அங்கே நடை நீளம். இரண்டும் வேறு வேறு டிக்கெட் என்றால் இரண்டு கம்பனியிடமும் தனித்தனியாகக் கேட்க வேணும்.

லண்டனில் இருக்கும் மகள் பாரிஸ் கலியாணத்துக்கு ஸ்ட்ரோலரும் கார் சீட்டும் கொண்டுபோகலாமா? (திருக்கோவில்)

ஈசிஜெட்டில் குழந்தைக்கு இரண்டு சாமான் இலவசம். டேக் துண்டு கவனம்!

போகும்போது பிள்ளைக்கு 23 மாதம், வரும்போது 2 வயது தாண்டும். தனிச் சீட் வேணுமா? (ஏறாவூர்)

திரும்பும் பயணத்துக்குத் தனிச் சீட் எடுக்க வேணும், மடியில் வைக்க விடமாட்டார்கள். கவுண்டரில் போய் நின்று வாங்கினால் விலை கூட, இப்பவே எடுங்கள்.