புகார் கொடுக்கப் போன பெண்ணை ஸ்டேஷனில் அலைக்கழித்தால்: கேள்வி பதில்

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் குற்றப் புகார் கொடுக்கும் பெண்களுக்கு நேரும் சிக்கல்களைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் பாரதிய நியாய சன்ஹிதாவும் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்கள் எல்லாம் புதியவை. முன்னதை 'நடைமுறைச் சட்டம்' என்றும் பின்னதைக் 'குற்றச் சட்டம்' என்றும் சுருக்கிச் சொல்கிறேன்.

கேள்வி: அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன் மேடம். பஸ்ஸில் ஒருவன் தொடர்ந்து தவறாகத் தொடுகிறான். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்றார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு என்று அர்த்தமா?

இல்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது, நீதிமன்றத்துக்கும் எதுவும் போகாது. பெரும்பாலான புகார்கள் செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

நீங்கள் சொல்வது குற்றச் சட்டம் 74-வது பிரிவில் வரும் குற்றம். தண்டனை 1 முதல் 5 ஆண்டு. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், எஃப்.ஐ.ஆருக்கு முன்பு பூர்வாங்க விசாரணை நடத்த நடைமுறைச் சட்டத்தின் 173(3) இடம் தருகிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு: டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்க வேண்டும். உங்களுக்கு 21 நாள் ஆகிவிட்டது. ஆகவே நேரில் போய்க் கெஞ்சாமல் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். "என் சி.எஸ்.ஆர். எண் இது. பூர்வாங்க விசாரணைக்கு டி.எஸ்.பி. எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தார்? 14 நாள் முடிந்த பிறகும் ஏன் வழக்குப் பதியவில்லை?" என்று கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இந்தக் கேள்வி எழுத்தில் வந்த பிறகு அதே மனு மேசையில் தூங்குவது கடினம். வன்புணர்ச்சி மாதிரி 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் இந்தப் பூர்வாங்க விசாரணைக்கே இடமில்லை.

அப்படியும் நகரவில்லை என்றால் அடுத்த படி 173(4). புகாரின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனுப் போடலாம். மாஜிஸ்திரேட் காவல்துறையின் விளக்கத்தைக் கேட்டுவிட்டு 175(3)-ன் கீழ் விசாரணைக்கு உத்தரவிடலாம்.

இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனால் மனு திரும்பிவிடும். முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த மனு படிப்படியாக இறங்கி அதே இன்ஸ்பெக்டரிடம் வந்து சேரும். அது எஸ்.பி.க்கு அனுப்பியதாகக் கணக்காகாது. தபால் ரசீது, ஒப்புகை அட்டை, சி.எஸ்.ஆர்., புகார் நகல் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் உங்களுக்காகப் பேசப்போவது இந்த நான்கு தாள்கள்தான்.

கேள்வி: "சம்பவம் நடந்தது எங்க எல்லை இல்ல" என்று மூன்று ஸ்டேஷன் அலையவிட்டார்கள்.

எல்லை பார்க்காமல் பதிய வேண்டும் என்று 173(1) சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம். ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். இதை மறந்துவிட்டு, "ஆன்லைனில்தான் கொடுத்துவிட்டோமே" என்று இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். புகார் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "குழந்தை இருக்கு, அனுசரிச்சுப் போம்மா" என்கிறார். ஒரு பேப்பரில் கையெழுத்தும் கேட்கிறார். போட்டால் என்ன ஆகும்?

போடாதீர்கள். அந்தப் பேப்பர் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் சொல்லச் சொல்ல நீங்களே உங்கள் கையால் எழுதுவீர்கள்: "என் கணவருடன் சேர்ந்து வாழச் சம்மதிக்கிறேன். என் புகாரின் மீது மேல் நடவடிக்கை தேவையில்லை. இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதிக் கொடுக்கிறேன்." கடைசி வரிதான் விஷம். அதோடு சி.எஸ்.ஆர். மூடப்படும். ஆறு மாதம் கழித்து அவர் கையை உடைத்தால், அவருடைய வக்கீல் முதலில் நீட்டுவது இந்தத் தாளைத்தான்.

குடும்ப விவகாரங்களில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும்தான் அந்த விசாரணை. ராசி பண்ணி வைக்க அல்ல. ரத்தக் காயத்தோடு வந்தவளை அடித்தவன் பக்கத்தில் உட்கார வைத்து, "ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்க" என்பது கட்டப்பஞ்சாயத்து. சீருடை போட்டுச் செய்தாலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.

கையெழுத்துப் போடும் வரை அனுப்ப மாட்டோம் என்று உட்கார வைத்தால், அதே தாளின் அடியில் உங்கள் கைப்பட, "வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அதையும் விடவில்லை என்றால், வெளியே வந்த அன்றோ மறுநாளோ எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, யார் முன்னால், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று அதில் இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யோசித்துச் சொன்னதாக ஆகிவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அடி உடனே நிற்க வேண்டும், வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் வேண்டும் என்பது உங்கள் தேவை என்றால், அதற்குப் போலீஸ் வாசலில் நிற்க வேண்டியதே இல்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் நேராக மனுப் போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை தயார் செய்து தருவார். எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது. இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போகலாம்.

கேள்வி: "அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?", "அவன்கூட முன்னாடியே பழக்கமா?" என்றெல்லாம் கேட்டார்கள். பதில் சொல்லியே ஆகவேண்டுமா?

என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பாலியல் குற்ற வழக்கில் சம்மதம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்ய, பெண்ணின் முந்தைய பாலியல் வாழ்க்கையை நீதிமன்றத்திலேயே எடுத்துப் பேசக் கூடாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. அங்கே செல்லாதது ஸ்டேஷனில் எதற்கு?

இத்தகைய புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். வன்புணர்ச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ, பெற்றோர், நெருங்கிய உறவினர் அல்லது சமூகப் பணியாளர் முன்னால் வாங்க வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டாமல் எஃப்.ஐ.ஆரில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சொல்லாத சொற்கள் அதில் நுழையும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தபோது, பாதிக்கப்பட்ட மாணவியையே குறை சொல்வதுபோல் அது எழுதப்பட்டிருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மட்டும் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றச் சட்டம் 72-வது பிரிவில் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பிறகு விசாரணையில் எடுக்கும் வாக்குமூலம் வேறு. அதில் உங்கள் கையெழுத்து வாங்கவே கூடாது. வெற்றுத் தாளில் கேட்டால் எந்தக் காரணத்துக்கும் போட வேண்டாம்.

கேள்வி: மகளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். "போலீஸ் மெமோ வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். ஸ்டேஷனிலோ, "டாக்டர் ரிப்போர்ட் கொண்டு வா" என்கிறார்கள்.

இரண்டுமே தவறு. இந்த அலைச்சலில் சாட்சியம் அழிந்துபோகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையோ தனியாரோ உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், காவல்துறைக்குத் தகவல் சொல்வதும் அவர்கள் பொறுப்பு. இது நடைமுறைச் சட்டத்தின் 397-வது பிரிவு. மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. போலீஸ் பக்கம், தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் 7 நாளில் அறிக்கை தர வேண்டும்.

உடம்பிலிருந்து மாதிரி எடுக்க ஏறக்குறைய 96 மணி நேரம் வரைதான் வாய்ப்பு, முதல் நாளிலேயே எடுப்பது மிக நல்லது. முடிந்தவரை குளிக்காமல் போகட்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்க வேண்டாம். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். ஏற்கெனவே குளித்தாயிற்று, துவைத்தாயிற்று என்றாலும் போங்கள். காயங்கள் தெரியும், சிகிச்சையும் வேண்டும்.

பரிசோதனைக்கு அவர் சம்மதம் வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை கூடாது. அதைச் செய்பவர் நடத்தை விதியை மீறிய குற்றவாளி என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மகள் 18 வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் வரும். வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது.

கேள்வி: நான் புகார்தாரர்தான். ராத்திரி 9 மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள்.

போக வேண்டாம். சாட்சியாக விசாரிக்க எந்தப் பெண்ணையும் அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவு. பகலாக இருந்தாலும் இதேதான். "எழுத்து மூலம் சம்மன் அனுப்புங்கள், வீட்டில் வைத்துப் பதில் சொல்கிறேன்" என்று குறுஞ்செய்தியாகவே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எஸ்.ஐ. என் தங்கையைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கன்னத்தில் அறைந்தார். எங்கள் சொல் தவிர ஆதாரம் இல்லையே?

ஆதாரம் ஸ்டேஷன் சுவரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், வரவேற்பு, வராந்தா, லாக்கப், அதிகாரி அறை எல்லாவற்றிலும் ஒலியும் பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறையில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடுகிற ஸ்டேஷன்கள் உண்டு. அதனால் இன்றைக்கே எஸ்.பி.க்கு ஒரு கடிதம்: தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்த அறை, "இந்த நேரப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்". அதோடு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு. பதிவைத் தர மறுத்தாலும் பாதகமில்லை. பாதுகாக்கச் சொன்ன பிறகு அது அழிந்தால், அந்த அழிவே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

அன்றே மருத்துவமனையில் காயச் சான்று வாங்குங்கள், "போலீஸ்காரர் அடித்தார்" என்று டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். கீழே விழுந்ததாகச் சொன்னால் கதை அங்கேயே முடிந்தது. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் அனுப்ப வேண்டும்.

வன்புணர்ச்சி, மானபங்கம், அமில வீச்சு, சுரண்டலுக்காக ஆள்கடத்தல் போன்ற புகாரைப் பதிய மறுத்திருந்தால், மறுத்தவர் மீதே குற்றச் சட்டம் 199. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு கடுங்காவல். இதற்கு அரசின் முன் அனுமதியும் தேவையில்லை. கணவர் கொடுமைப் புகார் இந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இது என்பது என் கருத்து.

கேள்வி: நாங்கள் பட்டியல் சாதி. அடித்தவர்கள் ஆதிக்க சாதி. எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், ஆனால் வன்கொடுமைச் சட்டத்தைச் சேர்க்கவில்லை.

பெரும்பாலும் புகாரில் சாதி எழுதப்படாததைக் காரணம் காட்டுவார்கள். இரு தரப்பின் சாதியையும், அவர்கள் சொன்ன வசவைச் சொல் மாறாமலும் எழுதிக் கூடுதல் மனுக் கொடுங்கள், சாதிச் சான்று நகலை இணையுங்கள். இச்சட்டத்தில் பூர்வாங்க விசாரணை கிடையாது (18ஏ), புலன்விசாரணை டி.எஸ்.பி. செய்ய வேண்டும். கடமை தவறும் அதிகாரிக்கு 4-வது பிரிவில் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை.

கேள்வி: நான் பெண் காவலர். வந்த பெண் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரிகிறது. "கேஸ் போடாதே, பேசி அனுப்பு" என்கிறார் இன்ஸ்பெக்டர். நான் என்ன செய்ய?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதைப் பதியும் பொது நாட்குறிப்பில் எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். ஆனாலும் ஆகாவிட்டாலும், வந்த தகவலைப் பொது நாட்குறிப்பில் கண்டிப்பாகப் பதிய வேண்டும் என்று லலிதா குமாரி தீர்ப்பு சொல்கிறது. எத்தனை மணிக்கு வந்தார், என்ன சொன்னார், உடம்பில் என்ன காயம் என்று மூன்று வரி போதும். சி.எஸ்.ஆரில் "குடும்பத் தகராறு" என்று சுருக்காமல், "கணவர் இரும்புக் கம்பியால் தாக்கியதாக" என்று அவர் சொன்னதை எழுதுங்கள். சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை, எண் 15100, மகளிர் உதவி எண் 181 என்று அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எந்த மேலதிகாரியும் அதைத் தடுக்க முடியாது.

கேள்வி: புகாரைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். ரசீதுகூட இல்லை. அப்போது?

வாதாட வேண்டாம். வெளியே வந்ததும் உங்கள் பிரதியின் பின்பக்கம் எழுதுங்கள்: தேதி, மணி, மறுத்தவரின் சட்டையில் இருந்த பெயர், பதவி, அவர் சொன்ன வார்த்தை. கூட வந்தவரும் கையெழுத்திடட்டும். அங்கிருந்தே 112-ஐ அழையுங்கள், அழைப்பின் நேரம் அவர்களிடம் பதிவாகும். பிறகு தபால் அலுவலகம். எஸ்.பி.க்கு அனுப்பும் உறையில் அந்தப் பின்பக்கத்தின் நகலும் இருக்கட்டும்.