வீட்டுக்குள் புகும் எலி, அணில், வௌவால்களை வெளியேற்றும் சிறுதொழில் செய்கிறேன். உள்ளூர்க் கண்காட்சியில் ஸ்டால் போட்டால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் அன்றைக்கே கிடைக்காது. நானும் இதே தொழில்தான். ஸ்டாலைப் பார்த்துவிட்டுப் போனவர் ஏழு மாதம் கழித்துக் கூப்பிட்டதும் உண்டு.

முதல் தடவை, பல்லைக் காட்டிச் சீறும் எலியைப் பெரிய பேனராக மாட்டியிருந்தேன். குழந்தையோடு வந்தவர்கள் எதிர் வரிசைக்கு ஒதுங்கிப் போனார்கள். நான் கொடுத்த நோட்டீஸ்கள் வாசல் குப்பைத்தொட்டியில் கிடந்தன.

அடுத்த முறை விலங்கை விட்டுவிட்டு ஓட்டையைக் காட்டினேன். ஒரு பலகையில் இரண்டு துளை: ஒன்று பென்சில் பருமன், இன்னொன்று கட்டைவிரல் பருமன். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். மேலே 'இதில் எலி நுழையுமா?' என்று ஒரே ஒரு வரி. சின்னதில் சுண்டெலி நுழைந்துவிடும், பெரியதில் பெரிய எலியே வந்துவிடும் என்றால் யாரும் நம்புவதில்லை. பென்சிலை விட்டுப் பார்ப்பார்கள், விரலை விட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் "எங்கள் வீட்டில் குழாய் போகிற இடத்தில் இதைவிடப் பெரிய சந்து இருக்கிறதே" என்று அவர்களே ஆரம்பிப்பார்கள்.

அப்போது விலைப்பட்டியலை நீட்டாதீர்கள். "சத்தம் எப்போது கேட்கிறது?" என்று கேளுங்கள். ராத்திரி ஓட்டம் என்றால் பெரும்பாலும் எலி, பகலில் என்றால் அணில், அந்தி நேரத்தில் கீச்சென்றால் வௌவால். இந்த அரை நிமிடப் பேச்சு எந்த நோட்டீஸும் தராத நம்பிக்கையைத் தரும்.

உள்ளே இருப்பது வெளியே போகலாம், திரும்பி வர முடியாது என்கிற ஒருவழிக் கதவின் மாதிரி ஒன்றும் வைத்திருப்பேன். ஒரு அம்மா அதைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "குட்டி உள்ளே மாட்டிக்கொள்ளாதா?" என்றார். சரியான கேள்வி. வௌவால் குட்டிகள் பறக்கும்வரை கதவு மாட்டமாட்டோம், காத்திருப்போம் என்றேன். அங்கேயே முகவரி எழுதிக் கொடுத்தார்.

உயிருள்ள விலங்கை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அதற்கும் பாவம், பல இடங்களில் சட்டச் சிக்கலும் வரும். உரிமம் இருந்தால் அதன் நகலை மேசையில் வையுங்கள்.

எல்லாக் கண்காட்சிக்கும் போகவேண்டியதில்லை. வீடு கட்டுவது, தோட்டம் சம்பந்தமானவை போதும். கூட்டம் குறைந்த நேரத்தில் மற்ற ஸ்டால்களுக்குப் போய்ப் பேசுங்கள். கூரை வேலை செய்பவர், பெயின்டர், கரையானுக்கு மட்டும் மருந்தடிப்பவர் எல்லோரும் தினமும் எலி வளையைப் பார்க்கிறவர்கள். எனக்கு நிலையாக வேலை அனுப்புவது இரண்டு கூரைக்காரர்கள்தான்.

பரிசுக் குலுக்கல் டப்பாவில் விழும் விசிட்டிங் கார்டுகளால் எனக்குப் பயன் இருந்ததில்லை. ஒரு நோட்டில் பெயர், சத்தம் கேட்கும் இடம், பார்க்க வரும் தேதி எழுதிக்கொண்டு, இரண்டு நாளுக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.

பென்சில் நாலைந்து கூடுதலாக எடுத்துப் போங்கள். நூலில் கட்டினாலும் ஒவ்வொரு தடவையும் ஒன்று காணாமல் போகிறது.