டெல்லி கணேஷின் நடிப்புக்கு டெல்லி மேடை என்ன கொடுத்தது?
விமானப்படையில் இருந்தவர் எப்படி இவ்வளவு தேர்ந்த குணச்சித்திர நடிகரானார் என்று கேட்டிருக்கிறீர்கள். தலைநகர்த் தமிழர்களின் நாடக மேடைதான் காரணம் என்பேன்.

வல்லநாட்டில் 1944இல் பிறந்தவர், 1964 முதல் 1974 வரை விமானப்படையில் பணியாற்றினார். டெல்லியின் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார். மேடையில் ரீடேக் கிடையாது. கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டும். சிரிப்பலை தணியத் தொடங்கும்போது அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முந்தினால் அது யார் காதிலும் விழாது, பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும்.

கேமரா முன் அதே குரல் மிகையாகத் தெரியும். மேடை நடிகர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். கே. பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' (1977) மூலம் திரைக்கு வந்த கணேஷ், குரலைத் தணித்தார், நேரக்கணக்கை விடவில்லை. 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் அவர் நடித்த பாலக்காடு மணி ஐயர் பாத்திரத்தைப் பாருங்கள், புரியும்.