சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்கு 25,000 கட்டலாமா?

டிப்ளமோ ட்ரிபிள் ஈ முடித்த விருதுநகர் தம்பி ஒருவர் கேட்கிறார்: யுபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் மின்சாரம் கொடுக்கும் கருவி) கம்பெனியில் ட்ரெய்னி ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர் வேலை வாங்கித் தர, சென்னையில் ஒரு கன்சல்டன்சி 25,000 ரூபாயும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கேட்கிறது. இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டும் உண்டு. சேரலாமா?

கட்டாதீங்க தம்பி. வெயிலில் பைக்கில் அலையும் வேலை என்பதால் இதில் ஆள் நிற்பதில்லை, கம்பெனிகள் வருஷம் முழுக்க ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கும். ஏஜென்ட் பெரிய கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு அதன் டீலரிடம் சேர்த்துவிடுவார். டீலரிடம் வேலை பார்ப்பது தப்பில்லை, ஆனால் ஆஃபர் லெட்டர் யார் பெயரில் வருகிறது, பி.எஃப். யார் கட்டுவது என்று முதலிலேயே கேளுங்கள்.

ஒரிஜினலை யாரிடமும் கொடுக்கக் கூடாது. என்னோடு சேர்ந்த பையன் கொடுத்தான். நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேர்க்கைக்குக் கேட்டபோது கம்பெனி தரவில்லை, ஒரு வருஷம் போயிற்று.

பாண்ட் மட்டும் கொஞ்சம் வேற. கம்பெனியே செலவு செய்து உண்மையாகப் பயிற்சி கொடுத்தால் அது செல்லும். 2025இல் ஒரு பொதுத்துறை வங்கி போட்ட மூன்று வருட, 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஆனால் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், அதுவும் பாண்டில் எழுதிய தொகையைத் தாண்டாமல். சீனியர் பின்னால் டூல் பையைத் தூக்க வைத்ததைப் பயிற்சி என்று சொல்லி லட்சம் கேட்டால் பயப்படாதீர்கள். பயிற்சி எங்கே, எத்தனை நாள், செலவு எவ்வளவு என்பது பாண்டிலேயே இருக்க வேண்டும்.

மத்திய அரசின் நாட்ஸ் (NATS) என்ற தொழில் பழகுநர் பயிற்சித் தளத்தில் பதிவு இலவசம், தரமணியில் அலுவலகமே இருக்கிறது. இதைக்கூட பாலிடெக்னிக்கில் சொல்லி அனுப்புவதில்லை என்றால் பிளேஸ்மென்ட் செல் எதற்கு? பையன்கள் ஏஜென்ட்டிடம் போய் விழுவது இதனால்தான்.

இன்டர்வியூவில் சம்பளத்தோடு பெட்ரோலுக்கு கிலோமீட்டருக்கு எவ்வளவு, சீனியரோடு எத்தனை மாதம் அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். ஏனென்றால் யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் பேட்டரி 16 வரிசையாக மாட்டியிருந்தால் 192 வோல்ட் டிசி. மெயினை ஆஃப் செய்தாலும் அது அப்படியே உயிரோடு இருக்கும். மோதிரம், வாட்சைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றி வேலை செய்ய நேரில் காட்டித்தர ஆள் வேண்டும். முதல் வாரமே தனியாக அனுப்பும் இடம் வேண்டாம்.

டூவீலர் லைசென்ஸ் இல்லையென்றால் இன்றைக்கே எல்எல்ஆர் போடுங்கள், 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்.